நாயாக அமர்ந்திருப்பவர் ஃபிரான்ட்ஸ் மார்க்கா?

கரிக்கோடு:
ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிஸ்ட் (கண்ட காட்சியைவிட உள்ளுணர்வை வெளிப்படுத்தும் பாணி) ஓவியர் ஃபிரான்ட்ஸ் மார்க் 1912இல் வரைந்த 'உலகின் முன் நாய்' அவருடைய தன்னுருவ ஓவியம்தான் என்பது என் கட்சி. வெள்ளை நாய் ஒன்று உட்கார்ந்து எதிரே விரியும் நிலத்தைப் பார்க்கிறது. அது ருஸ்ஸி, அவர் வளர்த்த சைபீரிய நாய். ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் தன் படத்தில் மலையுச்சியில் நமக்கு முதுகு காட்டி நிறுத்தினாரே ஒரு மனிதனை, அவன் இடத்தில்தான் இது அமர்ந்திருக்கிறது.

தாழை:
பாவம், நாயின் தலையில் எதையெல்லாம் ஏற்றுகிறீர்கள்! குதிரை உலகை எப்படிப் பார்க்கும், கழுகும் மானும் நாயும் எப்படிப் பார்க்கும் என்று கேட்டவர் மார்க். நம் கண்ணுக்குத் தெரியும் நிலத்தில் விலங்கைக் கொண்டுபோய் வைப்பது வறட்டு வழக்கம் என்றும் எழுதினார். ஒதுங்கிக்கொள்ள முயன்றவரைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்துகிறீர்கள்.

கரிக்கோடு:
முயன்றார், சரி. முடிந்ததா? நாய்க்கு உலகம் மூக்கு வழியாக அல்லவா வருகிறது? படத்தில் வாசனை எங்கே? இருப்பதெல்லாம் ஓவியர் கண்ட வடிவங்கள். நீலம் ஆண்மை, மஞ்சள் பெண்மை, சிவப்பு முரட்டுப் பருப்பொருள் என்று 1910 டிசம்பரில் நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதினார். அதை எந்த நாய் சொல்லிக் கொடுத்தது?

செவ்வந்தி:
இருவரும் ஆன்மாவை விட்டு இறங்கி வாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட் ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் 'பனியில் படுத்திருக்கும் நாய்' இருக்கிறது. அதே ருஸ்ஸிதான். அதை வரைந்த விதத்தை 1911 பிப்ரவரியில் மாக்கேவுக்கு விவரித்தார். முப்பட்டகக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிறம் கலங்கிய இடங்களில் வண்ண விளிம்புகள் தெரிந்தன. அதைச் சரிபார்த்தபடியே நாயின் அழுக்கு மஞ்சளைத் தெளிவாக்கினார், பனிக்கு நீலமும் ஊதாவும் ஏற்றினார். ருஸ்ஸி அவருக்கு ஒரு வண்ணக் கணக்கு. தன்னுருவமும் இல்லை, தத்துவமும் இல்லை.

தாழை:
கணக்குப் போட்டவருக்கு அன்பு இருக்காதா? 1914இல் ரீட் என்ற ஊரில் வீடு வாங்கி மான்களை வளர்த்த மனிதர் ஐயா அவர்.

கரிக்கோடு:
அன்பு இருந்ததை யார் மறுத்தார்கள்? 1915 ஏப்ரலில் போர்முனையிலிருந்து மனைவி மரியாவுக்கு எழுதியதைப் பாருங்கள். சிறு வயதிலேயே மனிதன் அருவருப்பாகத் தெரிந்தான், விலங்கு தூய்மையாகத் தெரிந்தது, பிறகு விலங்கிலும் அருவருப்பு தெரிந்தது என்கிறார். விலங்கு மாறவில்லை. மாறியது அவர் மனம். அதைத்தான் அத்தனை நாளும் வரைந்தார்.

தாழை:
அந்தக் கடிதம் எனக்குத்தான் சாட்சி. தன் முகத்தையே வரைந்தவருக்கு விலங்கிடம் ஏமாற்றம் வருவானேன்? எதிரே வேறோர் உயிர் இருந்தது. அது அவர் எதிர்பார்த்தபடி இருக்கவில்லை.

கரிக்கோடு:
எதிர்பார்த்தபடி இராத ருஸ்ஸியை வரைந்தாரா? குரைத்தோ, சொறிந்தோ, எலும்பைக் கடித்தோ இருக்கும் படம் ஒன்றைக் காட்டுங்கள், கட்சி மாறுகிறேன். இந்த இரண்டிலும் தவமுனிவர் மாதிரி அல்லவா இருக்கிறது!