30-30 ரைஃபிள் தோட்டாவுக்கு 150 கிரெய்ன் குண்டா 170ஆ: "170 வெறும் பாரம்"னு சொன்னவருக்கு

தராசுக்கல்:
"170 கிரெய்ன் வெறும் பாரம், 150தான் வினாடிக்கு 2390 அடி போகுது"ன்னு நேத்து ஒருத்தர் தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டார். அது தோட்டா அட்டைப்பெட்டியில போட்டிருக்கற கணக்கு சாமி. 24 அங்குலக் குழல்ல அளந்தது. அமெரிக்காக்காரன் மானுக்குத் தூக்கற வின்செஸ்டர் 94 கார்பைனுக்குக் குழலே 20 அங்குலம்தான்.

ஏற்காட்டு மிளகு:
தீர்ப்பு எழுதினவன் நான்தான். 170க்குப் போட்டிருக்கற 2200 மட்டும் எந்தக் குழல்ல அளந்தது? அதே 24. குழல் நீளம் குறைஞ்சா ரெண்டோட வேகமும்தான் குறையும். 100 கஜத்துக்கு சைட் வெச்சா 200ல 150 சுமாரா எட்டு அங்குலம் இறங்கும், 170 ஒன்பது.

தராசுக்கல்:
அந்த ஓரங்குலத்துக்கா இந்த ஆட்டம்? ரெண்டுக்கும் விட்டம் 0.308 அங்குலம்தான். எடை கூடின குண்டு நீளமா இருக்கும், ஆழமா இறங்கும். 150 கிட்டத்துல தோள் எலும்புல பட்டா சீக்கிரம் விரிஞ்சு வேகம் செத்துடும், கறியும் கந்தல். 24 அங்குலத்துக்கு பதில் சொல்லுங்க.

கன்னங்குறிச்சி:
150 கிரெய்ன் மருந்து போட்டா குழல் தாங்குமாண்ணா?

தராசுக்கல்:
தம்பி, அது குண்டோட எடை. 9.72 கிராம், ஒண்ணேகால் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. பேர்ல இருக்கற ரெண்டாவது 30தான் வெடிமருந்து. 1895ல வந்த தோட்டாவுல 30 கிரெய்ன் புகையில்லா மருந்து, 160 கிரெய்ன் குண்டு.

ஏற்காட்டு மிளகு:
ஆக அசலே 170 இல்ல. உங்க வாயாலயே வந்துடுச்சு.

தராசுக்கல்:
150ம் இல்லையே. 24 அங்குலம் என்னாச்சு?

ஏற்காட்டு மிளகு:
தோட்டாவை ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடுக்கற குழாய் மேகசின்ல கூர்முனைக் குண்டு போடலாம்னு போன மாசம் எழுதின மகான்தானே நீங்க? முன்னாடி தோட்டாவோட பின்பக்கம் மருந்தைப் பத்தவைக்கிற பிரைமர்ல முனை குத்தி நிக்கும். உதைப்புல வெடிச்சா இடது கை போச்சு. தட்டைமுனை எதுக்கு வந்ததுன்னு நெனச்சீங்க?

தராசுக்கல்:
முழுசாப் படிக்கணும். நான் சொன்னது ஹார்னடி கம்பெனியோட 160 கிரெய்ன் குண்டு, முனை ரப்பர் மாதிரி அமுங்கும். ஈயக் கூர்முனைன்னு எங்கே எழுதினேன்?

அஸ்தம்பட்டி:
1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் இங்க மானுக்குக் குறி வெச்சா நேரா ஜெயில்தான். அப்புறம் எதுக்கய்யா இந்தச் சண்டை?

தராசுக்கல்:
கணக்கு பேசறதுக்குமா தடை? எடையை மாத்தினா பழைய சைட்டை நம்பாதீங்க. தாங்கல் வெச்சு 100 கஜத்துல மூணு சுட்டு, எங்க விழுதுன்னு பார்த்துட்டுப் பின் சைட்டைப் படி ஏத்தணும், இறக்கணும். 150காரங்க இதைச் செய்யறதே இல்ல.

ஏற்காட்டு மிளகு:
170காரங்க மட்டும் கிழிச்சாங்களாக்கும்.

தராசுக்கல்:
24 அங்குலம்.