வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்: சைக்கிளை உடலுக்கேற்ப மாற்றுவதற்கு என்ன பெயர்?

கோத்தகிரியிலிருந்து, திங்கள் காலை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு முகாம் நடக்கவிருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவரின் உடலை அளந்து, அதற்கேற்ப இருக்கை, கைப்பிடி, மிதி ஆகியவற்றின் நிலையை மாற்றித் தரும் வேலை. ஆங்கிலத்தில் ‘பைக் ஃபிட்டிங்’ என்கிறார்கள். துண்டறிக்கையைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னுடையது. வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைப்பைத் தாண்ட முடியவில்லை.

இந்த வேலையின் அருமையை அனுபவித்து அறிந்தவள் நான். ஆறு மாதமாக ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வலது முழங்கால் சில்லுக்கு முன்புறம் வலித்தது. தைலம் தேய்த்தேன், உறை மாட்டினேன், பயனில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் என்னைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்கவைத்து, கால்களுக்கு இடையே ஒரு புத்தகத்தைக் கவட்டில் முட்டும்வரை உயர்த்தச் சொல்லித் தரையிலிருந்து அளந்தார். 78 சென்டிமீட்டர். அதை 0.883 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 69. இரண்டு மிதிகளின் தண்டுகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை அந்த உயரம் இருக்க வேண்டும் என்றார். என் வண்டியில் 64 இருந்தது. சிறிது சிறிதாக உயர்த்தினோம், வலி நின்றுவிட்டது. மாணவர்கள் பார்த்தவுடனே புரிந்துகொள்ளும் சொல்லாகத் தாருங்கள்.

குன்னூரிலிருந்து, திங்கள் மாலை

அம்மா, ‘மெய்யியைபு’ என்று எழுதுங்கள். மெய் உடல், இயைபு ஒன்றோடொன்று இணங்கி நிற்பது. வடசொல்லும் இல்லை, ஆங்கில ஒலியும் இல்லை. முப்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மாணவனுக்குப் புரியாது என்று நாமே முடிவுசெய்து கடைச்சரக்கைக் கொடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் பெரிய தீங்கு. சொன்னால் புரிந்துகொள்வான்.

உதகையிலிருந்து, திங்கள் இரவு

ஐயா, நான் இயன்முறை மருத்துவன். இயைபு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அடிகளின் கடைசியில் ஒத்து வரும் தொடைதான். நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். ‘மெய்’ என்றால் உண்மையா, உடலா, புள்ளி வைத்த எழுத்தா என்று பதினாறு வயதுப் பிள்ளை நின்று யோசிக்க வேண்டும்.

சொல்லைத் தேடும் முன் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். மிதி மிகவும் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருந்தால் நல்லது. இருக்கை தாழ்ந்துவிட்டால் மடக்கம் கூடி, சில்லின் முன்புறம் அழுத்தம் ஏறும். ஆசிரியைக்கு நேர்ந்தது இதுதான். அளவுக்கு மீறி உயர்த்தினால் வலி முழங்காலின் பின்புறம் வரும். இடுப்பும் இருபுறமும் ஆடும். கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தால் உடலின் பாரம் உள்ளங்கைக்குப் போய்ச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். மேட்டுப்பாளையம் சாலையில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கி, கீழே போய்க் கையை உதறுகிறவர்களைப் பாருங்கள். இவை எல்லாவற்றையும் சரிசெய்வதைக் குறிக்கும் சொல் வேண்டும். ‘மிதிவண்டிப் பொருத்தம்’ போதுமே!

கூடலூரிலிருந்து, செவ்வாய் காலை

சைக்கிள் கடை வைத்திருப்பவன் பேசுகிறேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துவிடலாம் என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் ‘பைக்’ என்றால் மோட்டார் சைக்கிள். ‘ஃபிட்டிங்’ என்றால் குழாய், மின்விளக்கு. அறிக்கையில் ‘பைக் ஃபிட்டிங்’ என்று போட்டால் கூடுதல் விளக்கும் ஹார்னும் மாட்ட ஆள் வருவார்கள்.

‘பொருத்துதல்’ என்பதும் ஆகாது டீச்சர். பெட்டியில் வரும் சைக்கிளின் பாகங்களைப் பூட்டுவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். ‘பொருத்தம்’ என்றால் கல்யாணப் பொருத்தம். இருக்கிற பொருத்தத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். இங்கே இல்லாததை நாம் உண்டாக்குகிறோம்.

வண்டிக்கு என்ன பெயர் என்பதில் சண்டை வேண்டாம். இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த என் தாத்தா துவிச்சக்கர வண்டி என்றே எழுதுவார். அரசு ‘விலையில்லா மிதிவண்டி’ என்று கொடுத்த பிறகு அந்தச் சொல் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் ஒரே உயர வண்டிதான் வருகிறது. அதனால்தான் இந்த முகாமே தேவைப்படுகிறது.

குன்னூரிலிருந்து, செவ்வாய் மாலை

பொருத்தத்தைச் சோதிடரிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம். ‘பொரு’ என்பதே வேர். கரையைப் பொரும் அலை, போரில் பொரும் பொருநன். தொட்டு முட்டுவதிலிருந்தே பொருந்துதல் பிறந்தது என்பது என் கருத்து. உடம்பின் மூட்டுக்கும் ‘பொருத்து’ என்ற பெயர் உண்டு. முழங்கால் வலியைப் பற்றிய சொல்லில் மூட்டே வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்! இன்னொரு வழியும் இருக்கிறது. ‘சேர்’ என்ற வேரிலிருந்து சேரி. அதுவே படுகர் மொழியிலும் கன்னடத்திலும் கேரி. கோத்தர் கேரிதான் நம் ஆசிரியை வாழும் கோத்தகிரி. ஆகவே ‘சேர்வு’ என்றும் ஆக்கலாம்.

அருவங்காட்டிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, இதை விட்டுவிட மனம் வரவில்லை. சேரி, கேரி இரண்டும் ஒன்று, ஏற்கிறேன். தமிழில் சகரமாகத் திரிந்த பழைய ககரம் கன்னடத்தில் அப்படியே நிற்கிறது. நம் ‘செவி’ அவர்களுக்குக் ‘கிவி’. ஆனால் ‘சேர்’ கன்னடத்திலும் ‘சேரு’தான், ‘கேரு’ அல்ல. சேரி அந்த வேரிலிருந்து வந்திருந்தால் கன்னடத்திலும் சகரத்தோடுதான் இருந்திருக்க வேண்டும். எனவே சேரிக்கும் சேர்தலுக்கும் உறவில்லை.

தூய்மையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீலகிரி என்பதே வடசொல். ‘கொண்டை ஊசி வளைவு’ ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகளிலும் பலகை நிற்கிறது, லாரி ஓட்டுநர் யாரும் விளக்கம் கேட்டதில்லை. கொண்டை ஊசியை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். சொல் நிலைப்பதற்கு அதுதான் காரணம், பிறப்பு அல்ல.

கோத்தகிரியிலிருந்து, புதன் காலை

சேரியைப் பற்றி எனக்கும் ஆர்வம் உண்டு, ஆனால் நாளை அச்சு. கூடலூர் நண்பர் சொன்ன ‘இல்லாததை உண்டாக்குகிறோம்’ என்பது மனத்தில் நிற்கிறது. தையல்காரர் அளவெடுக்கிறார், பிறகு வெட்டுகிறார். நம் சொல்லில் இரண்டும் வர வேண்டும். ‘அளவமைப்பு’ என்றால் என்ன? அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை. ஆகவே ‘அமைவு’ என்று சொல்லவில்லை. துண்டறிக்கையில் ‘மிதிவண்டி அளவமைப்பு’, அதன் கீழே ‘உங்கள் உடலை அளந்து வண்டியை மாற்றித் தருகிறோம்’.

உதகையிலிருந்து, புதன் மதியம்

ஏற்கிறேன். மாறுவது வண்டி, உடல் அல்ல என்பது தெளிவாகிறது. என் ‘பொருத்தத்தை’ விட்டுக்கொடுக்கிறேன்.

அருவங்காட்டிலிருந்து, புதன் மாலை

எனக்கும் சம்மதம். அளவு + அமைப்பு என்பதில் அளவு முற்றியலுகரம் ஆயிற்றே, வகர உடம்படுமெய் வராமல் உகரம் எப்படிக் கெடும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். ‘முற்றும் அற்று ஒரோவழி’, அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் குற்றியலுகரம் போலக் கெடும் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது.

கூடலூரிலிருந்து, புதன் மாலை

கடைக்கு வந்த மூன்று பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். இருவர் ‘என் அளவுக்கு வண்டியை அமைப்பதா?’ என்று கேட்டார்கள். ஒருவன் டயர் அளவு என்று நினைத்தான். கீழே அந்த விளக்க வரி கட்டாயம் இருக்கட்டும்.

குன்னூரிலிருந்து, வியாழன் அதிகாலை

அச்சுக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை. சேரியைப் பற்றி அருவங்காட்டு நண்பர் சொன்னது சரி, திருத்திக்கொண்டேன். ஆனால் ‘அளவமைப்பு’க்கு என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். அளவு என்பது நாடாவோடு முடிந்துவிடுகிறது. மருத்துவர் சொன்ன மரத்துப்போன விரலும் ஆடும் இடுப்பும் ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அங்கே வண்டியும் உடலும் ஒன்றையொன்று கேட்டு இணங்க வேண்டும். அதற்கு இயைபைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்திலாவது அந்தச் சொல்லைச் சேர்க்க முடியுமா, அம்மா?