கொடைக்கானலில் எஸ்பிரசோ மெஷின்: சூடு எவ்வளவு வைக்கலாம்?

வணக்கம். மலையில வீட்டு எஸ்பிரசோ மெஷின் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க. இங்க ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். மெஷின் 94-ல இருக்கு. பட்டனை அமுக்கினதும் குரூப் ஹெட்ல (மெஷின்ல சுடுதண்ணி இறங்குற பகுதி) ஆவி சீறித் தெறிச்ச பிறகுதான் தண்ணி ஒழுங்கா வருது. கொஞ்சம் வெளியே விட்டுட்டு போர்ட்டாஃபில்டரை (தூள் போடுற கைப்பிடி வச்ச வடிகட்டி) மாட்டினா அடங்குது. இப்படியே ஓட்டலாமா, 91-க்கு இறக்கணுமா?

கொட்டை தாண்டிக்குடி அரபிகா, மிதமான வறுவல். சிக்கரி கிடையாது (அம்மாவுக்கு அதுல வருத்தம்தான்). 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 28 விநாடி. இப்பவே புளிப்பு தூக்கலா இருக்கு. சூட்டைக் குறைச்சா இன்னும் புளிக்குமேன்னு தயக்கம். இன்னும் நைசா அரைச்சா சரியாகுமா?

அப்புறம், உறைபனிக் காலத்துல வீட்டைப் பூட்டிட்டுப் போறப்போ பாய்லர் தண்ணியை வடிச்சிடணுமா? மதுரைக்கு இறக்காம மேலேயே சர்வீஸ் பார்க்கிறவங்க இருந்தாலும் சொல்லுங்க.