ஜப்பானைக் கண்டிக்கும் நியூசிலாந்து, தன் டால்பினைக் காப்பாற்றுகிறதா?

அலைவாய்:
அண்டார்க்டிக் திமிங்கில வேட்டைக்காக ஜப்பான் மீது ஆஸ்திரேலியா போட்ட வழக்கில் நியூசிலாந்தும் தலையிட்டது. 2014 மார்ச் 31 அன்று, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் 12-4 என்ற நீதிபதிகள் வாக்கில் ஜப்பானுக்கு எதிராகத் தீர்ப்பு. ஆனால் நியூசிலாந்து வடக்குத் தீவின் மேற்குக் கரையில் மட்டுமே வாழும் மாவுய் டால்பின், 2020-21 மதிப்பீட்டில் ஒரு வயது தாண்டியவை சுமார் 54தான். ஊருக்குத்தான் உபதேசமா?

நெய்தல்நிலவன்:
அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஹேக்கில் விசாரித்தது, ஜப்பான் அதிகம் வேட்டையாடிய மிங்கி திமிங்கிலம் அழியுமா என்பதை அல்ல. அது லட்சக்கணக்கில் இருக்கிறது. ஜப்பான் கொடுத்த அனுமதி உண்மையில் ஆய்வுக்கானதா என்பதுதான் வழக்கு. அண்டார்க்டிக்கில் கொன்றது எண்ணி, பதிவு செய்து நடந்தது. மாவுய் சாவது யார் கண்ணிலும் படாமல்.

சுறாப்பல்:
காரணம் செவுள் வலை, அதாவது மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி கடலில் விரித்து வைக்கும் வலை. டால்பின் ஒலி அனுப்பி, அதன் எதிரொலியால் வழி அறிகிறது. ஒற்றை நைலான் இழை எதிரொலியைச் சரியாகத் திருப்பாது, டால்பின் கிட்டே வந்தபிறகுதான் உணரும். சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சில நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் குட்டி 6-9 வயதில், அதன்பின் 2-4 ஆண்டுக்கு ஒன்று. 10 முதல் 23 ஆண்டுக்கு ஒரு சாவுக்கு மேல் இந்தக் கூட்டம் தாங்காது என்றது 2012 வல்லுநர் மதிப்பீடு. அப்போது ஆண்டுக்குச் சுமார் 5 செத்துக்கொண்டிருந்தன என்றும் அதுவே கணித்தது, பெரும்பாலும் வலையால். வலையில் மாட்டும், ஒலியெழுப்பி டால்பினை விலக்கும் பிங்கர் கருவி சாவைக் குறைத்தாலும் போதாது, இங்கே தேவை பூஜ்யம். சர்வதேச திமிங்கில ஆணையத்தின் அறிவியல் குழுவே கரையிலிருந்து 20 கடல்மைல் வரை வலையை நிறுத்தச் சொன்னது. 2020-ல் முக்கிய வாழிடத்தில் செவுள் வலைத் தடை 12 கடல்மைல் வரைதான் போனது. இழுவை வலைக்கு அதைவிடக் குறைவு.

மணல்திட்டு:
பூனையை விட்டுட்டீங்களே. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனைக் கழிவில் வெளிவந்து, மழைநீரோடு ஆறு வழியாகக் கடலுக்குப் போகின்றன. அதனாலும் மாவுய் செத்திருக்கிறது.

சுறாப்பல்:
உண்மைதான். ஆனால் பூனைக் கழிவை உத்தரவு போட்டு நிறுத்த முடியாது, வலையை நாளைக்கே நிறுத்தலாம். பூனையைக் காட்டி வலையைத் தள்ளிப்போடுவதுதான் அங்கே பழைய வாதம்.

நெய்தல்நிலவன்:
வெளியிலிருந்து வரும் அழுத்தம் அவர்கள் மீதும் வேலை செய்தது, அலைவாய். மாவுய் வாழிடத்தில் இந்த வலைகளில் பிடித்த சில மீன் வகைகளை இறக்குமதி செய்ய 2022-ல் அமெரிக்க வர்த்தக நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. மீன்பிடிப் படகில் பொருத்திய கேமரா இன்னொரு பக்கம்: 2019-ல் இந்தக் கரையில் தொடங்கி மற்ற படகுகளுக்கும் போனபின், டால்பின் சிக்கியதாக மீனவர்களே எழுதிக்கொடுக்கும் பதிவு பல மடங்கு ஏறியது.