சாமியாருக்கு எதுக்குச் சந்தைக் கணக்கு?

பாரிமுனைக் கணக்கர்:
பக்கத்து இழையில புளியந்தோப்புத் தோழர் ஒரு முத்து உதிர்த்துட்டுப் போயிருக்கார். "சந்தைப் பொருளாதாரம் ஏழைக்கு ஒருநாளும் சோறு போட்டதில்லைன்னு போப் பிரான்சிஸே 2013-ல சொல்லிட்டார், இனி என்ன சாட்சி வேணும்?" சாட்சியாம்! போப் படிச்சது வேதியியல் டெக்னீஷியன் படிப்பு, அப்புறம் இறையியல். இதுல சந்தை எங்கே வந்தது? சந்தையைத் திறந்துவிட்ட 1978-க்குப் பிறகு சீனாவில் மட்டும் கொடும் வறுமையிலிருந்து மேலே வந்தவங்க ஏறக்குறைய 80 கோடி பேர். உலக வங்கிக் கணக்கு, என் கணக்கு இல்லை. ஆதீனமோ ஆயரோ ஆலிமோ, தீபாராதனை, திருப்பலி, தொழுகையோட நிறுத்திக்கட்டும்.

சாந்தோம் சங்கு:
தோழர் சொன்னதும் தப்பு, நீங்க அடிக்கிறதும் தப்பு. ரெண்டு பேருமே அந்த வரியைப் படிக்கலை. 2013 நவம்பரில் வெளிவந்த திருத்தந்தையின் ஊக்கவுரை 'எவாஞ்செலியி காவ்தியும்', பத்தி 54. ஆங்கிலத்தில், சுதந்திரச் சந்தை ஊக்குவிக்கும் பொருளாதார வளர்ச்சி 'தவிர்க்க முடியாமல்' நீதியைக் கொண்டுவரும் என்று நம்பும் கோட்பாடுகள் என இருக்கும். திருத்தந்தையின் தாய்மொழியான ஸ்பானிஷில் அந்த இடத்தில் 'போர் சி மிஸ்மோ'. அதாவது 'தானாகவே'. இத்தாலியத்திலும் 'தி பெர் சே', அதே தானாகவே. சந்தை சோறு போடாது என்று அவர் சொல்லவில்லை. தானாகவே போடாது என்கிறார். ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

புளியந்தோப்புத் தோழர்:
வந்துட்டார்யா மொழிபெயர்ப்புக் காவலர். அதே ஆவணத்தில் பத்தி 53: இப்படிப்பட்ட பொருளாதாரம் கொல்கிறது. 'தானாகவே கொல்கிறது'ன்னு போட்டிருக்கா சங்கு சார்? கொல்கிறது, முற்றுப்புள்ளி. பத்தி 204-ஐயும் புரட்டுங்க. சந்தையோட கண்ணுக்குத் தெரியாத கையை இனி நம்ப முடியாதுங்கிறார். இதுக்கு எந்த அகராதியைத் தூக்கிட்டு வரப்போறீங்க?

சாந்தோம் சங்கு:
அகராதி கையிலதான் இருக்கு. 204-ல ஆங்கிலம் 'காணப்படாத விசைகள்' என்கிறது. ஸ்பானிஷில் 'ஃபுவெர்சாஸ் சியெகாஸ்', குருட்டு விசைகள். கண்ணில்லாததை வழிகாட்டியா வைக்காதே என்கிறார். சந்தையை மூடச் சொல்லவில்லை. அதற்கு முந்தின பத்தி 203, தொழில் நடத்துவது உயர்ந்த அழைத்தல் என்கிறது. அதைத் தோழர் தாண்டிக் குதிச்சிட்டார், பரவாயில்லை. 204-லயே பொறுப்பில்லாத வெகுஜன அரசியலை நான் முன்வைக்கவில்லை என்றும் சொல்கிறார். பத்தி 184, இது சமூகப் போதனை ஆவணம் அல்ல என்றே சொல்கிறது. 54-க்கு வாங்க. தானாகவே.

பாரிமுனைக் கணக்கர்:
சரி, தானாகவேன்னே வச்சுக்குவோம். அடுத்த வாக்கியம் என்ன? இந்தக் கருத்தை உண்மைகள் ஒருபோதும் உறுதிப்படுத்தியதில்லைன்னு வருது. ஒருபோதும்! 80 கோடி பேரை எந்தக் கணக்குல எழுதறது, வாராக்கடன்லயா?

சாந்தோம் சங்கு:
சீனா தானாகவே மேலே வந்ததா? கம்யூன் நிலத்தைக் குடும்பக் குத்தகைக்குப் பிரிச்சுக் கொடுத்தது அரசு. ஒதுக்கீடு போக மிச்ச விளைச்சலைச் சந்தையில் விற்கலாம் என்று விட்டது அரசு. ஷென்ஜெனில் சிறப்பு மண்டலம் போட்டது அரசு. பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதாரமும் 1978-க்கு முன்னாடியே ஊர் ஊரா இருந்தது. நீங்க கொண்டுவந்த சாட்சி என் பக்கம் சாட்சி சொல்லுது, கணக்கரே. போர் சி மிஸ்மோ.

பாரிமுனைக் கணக்கர்:
அப்போ அது சோதிக்கவே முடியாத வாக்கியம்! அரசே தொடாத சந்தை உலகத்துல எந்த நாட்டுல இருக்கு? முன்னேறினா 'அரசு கை கொடுத்தது', முன்னேறலைன்னா 'பார், சந்தை கொன்னுடுச்சு'. காசைச் சுண்டிட்டு ரெண்டு பக்கமும் உனக்கேன்னா எப்படி? இதுக்குத்தான் சொல்றேன், கணக்குத் தெரியாதவங்க காவி போட்டாலும் வெள்ளை போட்டாலும் கணக்குல கை வைக்கக் கூடாது.

வடலூர் அடுப்பு:
ரோமாபுரியைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, நம் ஊரில் ஆளே இல்லையா? 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியைப் பிணி என்று சொல்லிச் சோறு போட்டவர் அவர். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 20 அன்று சிகாகோவில், பட்டினி கிடக்கும் மக்களுக்கு மதத்தை நீட்டுவது அவர்களை அவமதிப்பது என்றார். ஆதீனம் தீபாராதனையோடு நிற்கட்டும் என்ற கணக்கர், குன்றக்குடி அடிகளாரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை போலும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரு கிராமத்துக்கே திட்டம் தீட்டிய மடாதிபதி அவர்.

பாரிமுனைக் கணக்கர்:
அன்னதானம் வேற, பொருளாதாரம் வேற ஐயா. சோறு போடுறதை யாரும் குறை சொல்லலை. அந்த அரிசி விலை ஏன் ஏறுதுன்னு மைக்கைப் பிடிக்கிறதைத்தான் சொல்றேன். அப்புறம் 1867-ஆ, 1872-ஆ? ரெண்டும் கேள்விப்பட்டிருக்கேன்.

வடலூர் அடுப்பு:
1872 ஞானசபை. தருமச்சாலை 1867. சோறு முதலில், சபை ஐந்து ஆண்டு கழித்து. இந்த வரிசை தெரியாமலா இங்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள்?

சாந்தோம் சங்கு:
அடுப்பு ஐயாவும் என் பக்கம்தான், அவருக்கே தெரியலை. அடுப்பு தானாகவே எரியுமா? விறகு போட ஆள் வேணும். அதைத்தான் 54 சொல்லுது.

வடலூர் அடுப்பு:
நான் எவர் பக்கமும் இல்லை. வள்ளலாரை வாட்டிகனுக்கு விளக்கவுரை ஆக்காதீர்கள். போன மாதம் மணிமேகலை இழையிலும் அமுதசுரபிக்கு ஒரு லத்தீன் பெயர் சூட்டினீர்கள். மறக்கவில்லை.

ஐஸ்அவுஸ் அத்தர்:
மதம் சொல்ற பொருளாதாரம் எல்லாம் பிரசங்கம் மட்டும்தான்னு கணக்கர் நினைக்கிறார். எங்க கட்டாய தர்மமான ஜகாத்துக்கு இலக்கம் இருக்கு. 2.5 சதவீதம், நாற்பதில் ஒன்று. ஆனா பாதிப் பேர் 'வருமானத்தில் 2.5' என்று தப்பா எழுதுறாங்க. வருமானத்தில் இல்லை. தங்கம், வெள்ளி, ரொக்கம், கடைச் சரக்கு, திரும்பி வரக்கூடிய கடன் எல்லாத்தையும் கூட்டி, கொடுக்கவேண்டிய கடனைக் கழிச்சு, மிச்சம் நிசாபு என்கிற குறைந்தபட்ச எல்லைக்கு மேல ஒரு சந்திர ஆண்டு நின்றால் அதில் நாற்பதில் ஒன்று. குடியிருக்கிற வீடும் ஓட்டுற வண்டியும் கணக்கில் வராது. விளைச்சலுக்கு வேற விகிதம். மழையில் விளைந்தால் 10, நீர் இறைத்துப் பாய்ச்சினால் 5. யாருக்குக் கொடுக்கணும் என்கிற எட்டு வகையும் குர்ஆன் 9:60-ல இருக்கு.

பாரிமுனைக் கணக்கர்:
பாய், இது கணக்கு, ஒத்துக்கறேன். நிசாபு எவ்வளவு? ஒருத்தர் 85 கிராம் தங்கம்கிறார், இன்னொருத்தர் 87.48-ங்கிறார். எல்லைக்கோடே ஆட்டம் காணுதே.

ஐஸ்அவுஸ் அத்தர்:
பழைய எடையை கிராமுக்கு மாற்றும்போது வந்த வித்தியாசம் அது. நம்ம நாட்டு ஹனஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி) வழக்கில் தங்கம் 87.48, வெள்ளி 612.36. மற்ற இடங்களில் 85, 595. உண்மையான தகராறு அது இல்லை. தங்கத்தை வைத்து அளப்பதா, வெள்ளியை வைத்து அளப்பதா என்பதுதான். வெள்ளி மலிவு. அதை வைத்தால் கோடு வெகுவாக் கீழே இறங்கி, சின்னச் சேமிப்பு வைத்திருப்பவரும் கொடுப்பவர் ஆகிறார். தங்கத்தை வைத்தால் அவரே வாங்குபவர் பக்கம் போகலாம்.

சாந்தோம் சங்கு:
அருமை. ஜகாத்தும் தானாகவே வழியாது, ஒதுக்கி எடுத்துக் கொடுக்கணும். மேலே செல்வம் சேர்ந்தா கீழேயும் வந்துசேரும் என்று 54-ல வருகிற கோட்பாட்டுக்கு ஸ்பானிஷில் பெயரே 'டெர்ராமே', நிரம்பி வழிவது. ஆங்கிலத்தில்தான் சொட்டுச் சொட்டா ஒழுகவிட்டுட்டாங்க.

புளியந்தோப்புத் தோழர்:
வழியறதைப் பத்தி அவரே சொன்னதை விட்டுட்டீங்களே. 2013 டிசம்பர், லா ஸ்டாம்பா பேட்டி. கோப்பை நிறைஞ்சா வழிஞ்சு ஏழைக்கு வரும்னு வாக்குக் கொடுத்தாங்க, ஆனா நிறையுற நேரத்துல கோப்பை மந்திரம் போட்ட மாதிரி பெரிசாயிடுது, ஏழைக்கு ஒண்ணும் வர்றதில்லைங்கிறார். இதுல எங்கே சார் உங்க தானாகவே? கோப்பைக்குள்ள முழுகிடுச்சா?

சாந்தோம் சங்கு:
அதே பேட்டியில், நான் நிபுணராகப் பேசவில்லை, திருச்சபையின் சமூகப் போதனைப்படி பேசினேன், அதனால் மார்க்சியர் ஆகிவிட மாட்டேன் என்றும் சொன்னார். மார்க்சியக் கருத்தியல் தவறு என்றும் அங்கேதான். தோழர் கோப்பையைக் குடிச்சிட்டு அடியில் இருந்ததை விட்டுட்டார். இந்தப் போதனை 2013-ல முளைச்சதும் இல்லை. 1891-ல திருத்தந்தை 13-ஆம் லியோ எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் குடும்பம் நடத்தப் போதுமான கூலியும் கேட்டது, தொழிலாளர் சங்கத்தையும் ஆதரிச்சது, தனிச்சொத்துரிமையையும் விட்டுக்கொடுக்கலை. 40 வருஷம் கழிச்சு திருத்தந்தை 11-ஆம் பயஸ், நல்ல கத்தோலிக்கரும் மெய்யான சோசலிஸ்ட்டுமாக ஒருவரே இருக்க முடியாது என்றார். 2025-ல வந்த திருத்தந்தை லியோ என்ற பெயரை எடுத்ததும் அந்த 1891-ஐ நினைச்சுத்தான்.

புளியந்தோப்புத் தோழர்:
1891-ல தொழிற்சங்கம்னு வாய் திறக்கவே, அதுக்கு 43 வருஷம் முன்னாடி கம்யூனிஸ்ட் அறிக்கை வரவேண்டியிருந்தது. ஏழைகளுக்காகப் பேசின எல் சால்வடார் பேராயர் ரொமேரோவை 1980 மார்ச் 24-ல திருப்பலி மேடையிலேயே சுட்டாங்க. புனிதர்னு அறிவிக்க 2018 வரைக்கும் ஆச்சு. அந்த 38 வருஷமும் 'தானாகவே' போச்சா?

சாந்தோம் சங்கு:
அவரைப் புனிதராக அறிவிச்சவர் யாருன்னு சொல்லாம விட்டீங்களே. இதே பிரான்சிஸ்தான்.

கோர்ட்டு வாசல்:
இடையில் ஒரு சட்டக் குறிப்பு. சாமியார் பேசலாமா என்பதற்கு இங்கே விடை உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3): மதம், சாதி, மொழி சொல்லி ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. வேட்பாளர் மதம் மட்டுமல்ல, வாக்காளர் மதமும் அடக்கம் என்று 2017 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்று சொன்னது. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழிபாட்டிடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அரிசி விலையைப் பேசத் தடையில்லை.

பாரிமுனைக் கணக்கர்:
வக்கீல் சார், கூடுமா கூடாதான்னு நான் கேட்கலை. தெரியுமா தெரியாதான்னு கேட்டேன். அரிசி விலையில ஆரம்பிச்சு ஓட்டுல முடிக்க ஒரு மூச்சு போதும். அது எந்தப் பிரிவு?

கோர்ட்டு வாசல்:
சாட்சியம் இருந்தால் 123. இல்லையென்றால் வதந்தி.

ஐஸ்அவுஸ் அத்தர்:
நிசாபு பேச்சு பாதியில் நிற்குது. பெண்கள் அணிகிற நகைக்கும் ஜகாத் உண்டு என்பது ஹனஃபி. அளவோடு அணிகிற நகைக்கு இல்லை என்பது ஷாஃபி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபி அதிகம். ஒரே எடை நகை, ரெண்டு வீட்டில் ரெண்டு கணக்கு.

பாரிமுனைக் கணக்கர்:
காயல்பட்டினத்துக்காரர் மண்ணடிக்குக் குடிவந்தா?

ஐஸ்அவுஸ் அத்தர்:
மத்ஹபு என்ன ரயில் டிக்கெட்டா, எழும்பூர்ல இறங்கினதும் கிழிச்சுப் போட?

புளியந்தோப்புத் தோழர்:
நகைக்கடை விளம்பரம் முடிஞ்சதா? 53-க்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை. கொல்கிறது.

பாரிமுனைக் கணக்கர்:
80 கோடிக்கும்தான் ஒருத்தரும் சொல்லலை.

சாந்தோம் சங்கு:
ரெண்டுக்கும் சொல்லியாச்சு. 54-ஐ ஸ்பானிஷில் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம். போர். சி. மிஸ்மோ.

வடலூர் அடுப்பு:
இதைத் தமிழில் சொல்ல இவருக்கு இன்னும் வாய் வரவில்லை.