ஆர்.ஓ. தண்ணீரில் கருப்பு காரைக் கழுவிய அனுபவம்: உங்களுக்கும் உண்டா?

கிருஷ்ணகிரி

போன வருஷம் தை மாதம் புது வண்டி எடுத்தோம். புழுதி பறக்கிற ஊரில் கருப்பு வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. எடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் பனியன் வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். ஞாயிறானால் கழுவல். எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான், அதையும் மிச்சம் பிடிக்கலாமே என்று குடிநீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக் கழுவினேன். ஒரு சொட்டு வீணாக்காதவன் என்ற பெருமை வேறு.

சித்திரையில் ஒரு மதியம் பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம், கோலமாவைத் தெளித்த மாதிரி. ஷாம்பு போட்டேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், அது இன்னொரு தப்பு. வாட்டர் சர்வீஸில் டீசல் கலந்து எதையோ அடித்துத் துடைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பளபளத்தது. மூன்றாம் நாள் வட்டம் அப்படியே இருந்தது, மேலே இருந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஊர்ப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது.

எதிர் வீட்டு அண்ணன் கிரானைட் பாலிஷ் யூனிட்டில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர். ஒரு சாயங்காலம் என் புலம்பலைக் கேட்டுவிட்டு வந்து, செல்போன் டார்ச்சைக் கதவின் மேல் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை போல, எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய கோடுகள். வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"வெள்ளை வட்டம் தண்ணி பண்ண வேலை. இது உன் கை பண்ண வேலை தம்பி. நாங்க பாலிஷுக்கு நைஸ் கல்லு ஓட்டும்போது, முன்னாடி ஓட்டின கல்லோட மணல் ஒண்ணு தங்கிட்டாலும் ஸ்லாப்ல கோடு இழுத்துடும். கல்லுக்கே அப்படின்னா பெயிண்ட் எம்மாத்திரம்?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். நம் ஊர்த் தூசி வெறும் மண் இல்லை, கல் தூசியும் மணலும் கலந்தது. தினமும் காலையில் பனியில் நனைந்த அந்தத் தூசியை உலர்ந்த துணியால் தேய்த்து, என் வண்டிக்கு நானே உப்புத்தாள் போட்டிருக்கிறேன். பெயிண்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியின் கனம்கூட இருக்காது. வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் அந்தத் தோல்தான். மெஷின் பாலிஷ் போட்டுக் கீறலை எடுப்பது என்றால் அதையே கொஞ்சம் சீவி எடுப்பது. அதனால் அடிக்கடி போட முடியாது.

தண்ணீர் விஷயத்துக்கு, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பார்த்தேன். போர் தண்ணீர் 1300. ஆர்.ஓ.விலிருந்து வெளியே போவது 1900க்கு மேல்! நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் அந்தப் பக்கம்தானே தள்ளுகிறது மெஷின். இது தெரியாமல் மூன்று மாதம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஊற்றி வெயிலில் காயவைத்திருக்கிறேன். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து ஒரு நிமிஷம் வட்டத்தின் மேல் போட்டு வைத்து, உடனே நன்றாகக் கழுவிவிட்டேன். புது வட்டங்கள் போய்விட்டன. வெயிலில் வெந்த சில வட்டங்கள் பள்ளமாகவே பதிந்துவிட்டன, இன்னும் இருக்கின்றன. இதைச் செய்வதென்றால் நிழலில், பானெட் ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

இப்போது செய்வது இதுதான். மருந்தடிக்கும் ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்கினேன், தோளில் மாட்டுவது, 16 லிட்டர். (வயலுக்கு அடித்த பழையதை எடுத்து விடாதீர்கள்.) காலை ஏழு மணிக்குள், கை படாமல் முதலில் தண்ணீரை அடித்து, எவ்வளவு தூசி இறங்குமோ இறக்கிவிடுவேன். அப்புறம்தான் துணி. இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளியில் விடுவது. கூரையில் ஆரம்பித்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்ப்பகுதி கடைசி. முடித்த பிறகு அந்த வெறும் தண்ணீர் வாளியின் அடியில் கை விட்டுத் துழாவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று நெருடும். முன்பெல்லாம் அது அத்தனையும் கதவில்தான் ஓடியிருக்கிறது.

கடைசி அலசலுக்கு மாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். அது தீர்ந்துபோன ஒரு நாள், குடிக்கக் குழாயில் வந்த ஒகேனக்கல் தண்ணீரில் ஒரு குடம் எடுத்தேன். வீட்டம்மா பார்த்த பார்வையில் குடத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

போச்சம்பள்ளி

எங்கள் கதை மாமரம். வண்டிக்கு நிழல் கிடைக்கிறதே என்று தோப்பு ஓரத்தில் நிறுத்துவோம். தை, மாசியில் பூ பூக்கும்போது தத்துப்பூச்சி வரும். அது சாறு உறிஞ்சிவிட்டு விடுகிற தேன் மாதிரியான கழிவில் இலையெல்லாம் பிசுபிசுக்கும், அது சொட்டு சொட்டாக வண்டிக் கூரையில் விழும். அப்படியே விட்டால் அதன் மேல் கரும்பூசணம் படியும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து வருவார்கள். கெடுத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிஷம் போட்டு வைத்தாலே இளகிவிடும், அது வெறும் சர்க்கரைப் பிசுக்குதான்.

காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீய்ச்சும் பால் அப்படி இல்லை. கையில் பட்டால் தோல் புண்ணாகும் என்பது பறிக்கிற எல்லோருக்கும் தெரியும். என் வண்டியின் பின் கதவில் நாலு சொட்டு விழுந்ததைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பழுப்பாக நாலு புள்ளி, இரண்டு வருஷமாக இருக்கிறது. மைனா எச்சமும் அப்படித்தான். காய்ந்ததைத் தேய்க்காமல் ஊறவைத்து எடுக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே.

தருமபுரி

நீங்கள் தண்ணீரில் கெடுத்தீர்கள், நான் பக்தியில் கெடுத்தேன். ஆயுத பூஜைக்கு வெள்ளை வண்டியின் பானெட்டில் மஞ்சளைக் குழைத்து மூன்று பட்டை, நடுவில் குங்குமம். பூஜைக்கு மறுநாளே அழிக்க மனசு வரவில்லை. நாலாம் நாள் கழுவினால் மஞ்சள் பட்டை அப்படியே நிற்கிறது. பெயிண்ட் கடைக்குப் போகப் பார்த்தேன். மாமனார்தான், "புடவைல மஞ்சள் பட்டா வெயில்ல போடறோம் இல்ல மாப்பிள்ளை, வண்டியையும் போடுங்க" என்றார். பத்து நாள் வெயிலில் நின்றது, மஞ்சள் வெளுத்துவிட்டது. குங்குமத்தின் சாயம் மட்டும் லேசாக ரோஸ் நிறத்தில் தங்கிவிட்டது. இப்போது பொட்டெல்லாம் கண்ணாடியில்தான்.

கற்பூரத்தை வெற்றிலையில் வைத்துப் பானெட் மேலேயே கொளுத்தியவர் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். அந்த இடத்தில் கிளியர் கோட் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது.

ராயக்கோட்டை

டாக்ஸி ஓட்டுகிறேன். வெள்ளை வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. இரண்டு வாளிக்கெல்லாம் நேரம் இல்லை சார், ஆனால் காய்ந்த துணியைத் தொடுவதில்லை, அதை மட்டும் விடாமல் செய்கிறேன். பாலக்கோடு ரோடு போட்டபோது கதவுக்குக் கீழே தார் தெறித்துவிட்டது. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினேன். முழு வண்டிக்கும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்களே சில பேர், அது வேண்டாம்.

எனக்குப் பெரிய தொல்லை தொப்பூர் கணவாய். ஜல்லி டிப்பர் பின்னால் போனால் பானெட்டில் டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தப் புள்ளியை மழைக்கு முன்னால் டச்சப் பெயிண்ட் வைத்து அடைத்துவிடுவேன், இல்லையென்றால் துரு உள்ளே இறங்கிவிடும். செராமிக் கோட்டிங் போட்டால் கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு கடையில் 25,000 கேட்டார்கள். போடலாமா?

கிருஷ்ணகிரி

டாக்ஸி அண்ணா, கல்லுக்கு செராமிக் தாங்காது. அது பெயிண்ட் மேல் மைக்ரான் கணக்கில் படிகிற மெல்லிய பூச்சுதான். கல்லுக்கு என்றால் பி.பி.எஃப். என்கிற பிளாஸ்டிக் ஃபிலிம், 150, 200 மைக்ரான் கனம், பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும்கூட ஒட்டிக்கொள்ளலாம். விலை கேட்டால் டிப்பருக்குப் பின்னால் தள்ளிப் போவதே மேல் என்று தோன்றும்.

நானும் செராமிக் விசாரித்தேன். தாமரை இலையில் மாதிரி தண்ணீர் உருண்டு ஓடுவதைக் காட்டினார்கள், பார்க்க அழகுதான். ஆனால் நம் போர் தண்ணீரைத் துடைக்காமல் விட்டால் உருண்டு நிற்கிற ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டம் ஆகிவிடும். எதைப் பூசினாலும் கழுவியதும் துடைக்கிற வேலை தப்பாது. நான் இப்போதைக்கு வேக்ஸ்தான் போடுகிறேன், மாதம் ஒருமுறை, மெல்லிசாக. தண்ணீர் உருளாமல் பாய் விரித்த மாதிரி படுத்தால் அடுத்த தடவைக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

போச்சம்பள்ளிக்காரர் சொன்ன வெதுவெதுப்பான தண்ணீர் யோசனையை இந்த ஞாயிறு செய்து பார்க்கிறேன், எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு செந்தூரா மாமரம் நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் டிரம் இப்போது பின்பக்கத் தென்னைக்குப் போய்விட்டது. ஸ்பிரேயரைத்தான் காணோம். எதிர் வீட்டு அண்ணன் தன் மகளுடைய ஸ்கூட்டரைக் கழுவ எடுத்துப் போய் மூன்று வாரம் ஆகிறது.