டிவி ரூமை இடிக்கலாமா?

பூண்டுக்காட்டான்:
கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். பழைய டிவி ரூம் ஒன்று இருக்கிறது, இப்போது உள்ளே பூண்டு மூட்டைதான். போன வாரம் ஊர்க்கூட்டத்தில் அதை இடித்து வண்டி நிறுத்த இடம் விடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை.

சாவி பெரியப்பாவிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ஒலியும் ஒளியும் சினிமாப் பாட்டு போட்டால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊரே வந்துவிடும். மேகம் இறங்கினால் படம் புள்ளி புள்ளியாகும். கூரையில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவது என் வேலை. "இன்னும் கொஞ்சம்... போதும்டா!" என்று கீழேயிருந்து கத்துவார்கள். படம் எனக்கு மட்டும் தெரியாது. 1987ல் ராமாயணம் இந்தியில் வந்தபோது பெரியப்பாதான் எங்களுக்கு டப்பிங். செய்தி முடிந்ததும் வாசலில் கட்சிச் சண்டை. ஆனால் சண்டை போட்டவர்கள் எல்லாரும் பார்த்தது ஒரே செய்தி.

2006 செப்டம்பரில் தொடங்கிய இலவசக் கலர் டிவி எங்கள் ஊருக்கும் வந்தது, ரூமைப் பூட்டினார்கள். அப்புறம் தி.மு.க.வுக்குக் கலைஞர் டிவி, அ.தி.மு.க.வுக்கு ஜெயா, பா.ம.க.வுக்கு மக்கள், தே.மு.தி.க.வுக்கு கேப்டன். வாசலில் நின்று பேச ஆளில்லை. உங்கள் ஊரிலும் இப்படித்தானா?

கீழ்மலைக் காப்பி:
அண்ணே, ஒரே செய்தி என்றால் டெல்லி சொன்ன செய்தி. 1993ல் சன் டிவி வரும்வரை வேறு குரல் ஏது? இன்னொன்று. எங்கள் ஊர் டிவி ரூமில் எங்கள் தெரு ஆட்களை உள்ளே விட மாட்டார்கள். ஜன்னல் வழியாகத்தான். இலவச டிவி வந்த பிறகுதான் என் அம்மா உட்கார்ந்து டிவி பார்த்தார். ஓட்டுக்காகக் கொடுத்தார்கள் என்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

பெருமாள்மலை டீக்கடை:
எங்களுக்கு 2001லேயே பிரிந்துவிட்டது. ஜூன் 30 விடியற்காலையில் கலைஞரைக் கைது செய்தார்களே, அன்றைக்கு என் கடையில் சன், எதிர்க்கடையில் ஜெயா. இங்கே அவரைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சியையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அங்கே போலீஸ் பக்கத்து நியாயம். ஒரே கைதுதான், ஆனால் ரோட்டைத் தாண்டினால் வேறு கதை. எனக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம், பொய் சொல்லக் கூடாது. (அதற்கு முன்னால் வானம் தெளிந்த இரவுகளில் இலங்கை ரூபவாஹினி எடுக்கும். கிரிக்கெட் பார்த்தோம், பேசுவதுதான் புரியாது.)

பூண்டுக்காட்டான்:
காப்பித் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. கூரையிலிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் கம்பளித் தலைகள் தெரியும். உள்ளே இடமில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெரியப்பா இப்போது இல்லை. அத்தையிடம் கேட்டேன். "பாதி ரூம் காலியாத்தானேடா கிடக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். இடிப்பது இருக்கட்டும், முதலில் இந்த ஜன்னல் பேச்சைக் கூட்டத்தில் எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.